சிவப்புத் துணி இறங்கும் வரை

தேயிலைத் தோட்டத்து லயத்தின் ஐந்தாவது காம்பரா வீட்டில் கௌசிகா வேலை தொடங்கிய அன்று, பக்கத்து வீட்டு விஜயலெட்சுமி வாசலில் நின்று கேலியாகக் கும்பிடு போட்டாள்.

"தொர வந்துட்டாரா? சலாம் சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

உள்ளே துரை யாருமில்லை. அரிசி வாளியின் மேல் ஒரு பலகை, பலகையின் மேல் ஒரு மடிக்கணினி, கௌசிகாவின் காதில் ஹெட்செட். ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கும் கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு வரும் முறைப்பாடுகளைத் தமிழில் கேட்டு எழுதும் வேலை. மடுல்சீமையின் அந்தச் சரிவில் சிக்னல் நிலைத்து நின்றது அவர்கள் வீட்டு ஜன்னலோரத்தில் மட்டும்தான். ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் அம்மாவைப் பதுளைக்குக் கூட்டிப்போய், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்க்கலாம். அம்மா வடிவம்மாவுக்கு மேடு ஏறினால் மூச்சு இழுத்தது.

திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. ஐந்து நிமிடம் கை சும்மா இருந்தால் மஞ்சளாகிவிடும். பக்கத்தில் நூற்றுக்கு எத்தனை என்று ஓடிக்கொண்டே இருக்கும். வேலை முடியும்போது அது எண்பதுக்குக் கீழே இருந்தால் அந்த நாள் பாதி நாள்.

முப்பத்தாறு வருடம் கொழுந்து பறித்த வடிவம்மாவுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

"கிலோ கொறஞ்சா அரைப்பேரு. அதானே? கொழும்புலயும் கங்காணி இருக்கான்னு சொல்லு."

"அங்க கங்காணி கண்ணுக்குத் தெரிய மாட்டாரும்மா."

"எங்காளு தேவல. வெத்தல போடவாவது அந்தப் பக்கம் போவான்."

சத்தம்தான் பெரிய தொல்லை. லயத்துச் சுவர்கள் கூரை வரை எழும்புவதில்லை. மூன்று வீடு தள்ளித் தும்மினாலும் கேட்கும். சேவலை லுணுகலையில் ஒரு சொந்தக்காரருக்குக் கொடுத்தனுப்பினார்கள். நாலாம் மாதத்தில் ஒருநாள், அழைப்பின் நடுவே அம்மா உள்ளே வந்து, "பாப்பா, நெருப்புப்பெட்டி எங்க வச்ச?" என்று கேட்டது பதிவாகிவிட்டது. மேற்பார்வையாளர் ஷாஹ்மி கோபப்படாமல்தான் சொன்னார்: "தங்கச்சி, இன்னொரு தடவ வீட்டுச் சத்தம் கேட்டா என்னால ஒண்டும் செய்ய ஏலாது."

அன்று மாலை கௌசிகா கத்தினாள். கூடைக்கயிறு அறுக்காதிருக்க அம்மா தலையில் மடித்துப் போடும் சிவப்புத் துணியை எடுத்து, கதவு நிலையின் வெளிப்பக்க ஆணியில் மாட்டினாள்.

"இது தொங்குற வரைக்கும் யாரும் என்னக் கூப்பிடக்கூடாது. வீடு தீப்பிடிச்சாத்தான் கூப்பிடணும்."

"சரி பாப்பா."

அம்மா அதை யாரையும்விடச் சரியாகக் காத்தாள். வாசலுக்கு எதிரே தண்ணீர்ப் பீலியில் வாளியை வைத்தால்கூட "மெல்ல வைங்கடி" என்று அதட்டினாள். லயமே மெல்லப் பேசப் பழகியது.

அந்த வியாழக்கிழமை பத்தே முக்காலுக்கு ஓர் அழைப்பு முடிந்தது. எழுந்துபோய்த் துணியை இறக்கியிருக்கலாம். பசித்தது, அடுப்படிப் பக்கம் அரவமே இல்லை என்பதும் மனதில் பட்டது. ஆனால் காலையில் சிக்னல் போய்ப் போய் வந்ததில் எழுபத்தெட்டு என்று காட்டியது. இன்னும் இரண்டு அழைப்பு எடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். இரண்டு, ஐந்தானது. ஐந்தாவதில் ஒரு மனிதர், வாஷிங் மெஷின் ஆடுவதைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்.

பன்னிரண்டரைக்கு அன்றைய வேலை நேரம் முடிந்து கதவைத் திறந்தபோது அம்மா வாசற்படியில், நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மூடி வைத்த தேத்தண்ணி. தோளைத் தொட்டதும் ஒருபக்கமாகச் சரிந்தாள். உடம்பு குளிர்ந்திருந்தது.

விஜயலெட்சுமி அழுதுகொண்டே சொன்னாள். "பதினோரு மணி போல தண்ணிக்கு வந்தேன் புள்ள. நெஞ்சப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தாங்க, வேர்த்து ஊத்துது. என்னாக்கான்னு கேட்டேன். வாயில வெரல வச்சு அந்தத் துணியக் காட்டுனாங்க. 'துணி எறங்கட்டும், சொல்லிக்கிறேன்'னாங்க. நானும்… நானும் வாளிய மெல்லத் தூக்கிக்கிட்டுப் போயிட்டேன்."

பத்தே முக்காலுக்கு இறக்கியிருந்தால் ஆட்டோ கிடைத்திருக்குமா, அந்த ரோட்டில் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று கௌசிகா கணக்குப் போட்டுப் பார்த்தாள். இப்போதும் பார்க்கிறாள். விடை ஒவ்வொரு தடவையும் மாறுகிறது.

மூடாமல் கிடந்த கணினியில் மாலையில் ஒரு செய்தி வந்திருந்தது. விஷயம் தெரியாமல் ஷாஹ்மி அனுப்பியது: "சிக்னல் கரைச்சலுக்குள்ளயும் எண்பத்தொண்டு எடுத்தீங்க. நல்லது தங்கச்சி."

கருமாதி முடிந்த மறுநாள் வேலைக்குத் திரும்பினாள். ஆறாவது மாதம் நிரந்தரக் கடிதமும் வந்தது. பதுளையில் வீடு பார்க்கவில்லை.

துணியை அம்மாவோடே அனுப்பிவிட்டார்கள். நிலையில் ஆணி மட்டும் இருக்கிறது. கதவை இப்போது அகலத் திறந்து வைத்துத்தான் வேலை செய்கிறாள். சொல்லியும் பார்த்தாள்: "சத்தம் போடுங்கக்கா, பரவால்ல. வேல போனாப் போகட்டும்." விஜயலெட்சுமி தலையாட்டிவிட்டு, வாளியை மெல்ல வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகிறாள். பிள்ளைகள்கூட அந்த வாசலைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள்.

அழைப்புக்கும் அழைப்புக்கும் இடையில் கௌசிகா ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். யாரும் கூப்பிடுவதில்லை. புள்ளி மஞ்சளாகிறது. பிறகு மாட்டிக்கொள்கிறாள்.