புஷ்பம் விழாத பள்ளத்தாக்கு

சேலையூர்ச் சபையில் சாட்சி சொல்ல லாசரஸை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை ஞாயிறு ஆராதனையில் யார் வேண்டுமானாலும் மேடையேறிச் சொல்லலாம்தான். ஆனால் லாசரஸ் மைக்கைப் பிடித்தால் பின் வரிசைப் பிள்ளைகள்கூட வாயை மூடிக்கொள்ளும். அப்படி ஒரு குரல், அப்படி ஒரு ஏற்ற இறக்கம்! அவர் மனைவி புஷ்பத்துக்குத்தான் அதில் தீராத மனத்தாங்கல். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன ஒவ்வொரு சாட்சியிலும் வழுக்கி விழுந்தது, மயங்கிச் சரிந்தது, படுத்த படுக்கையானது எல்லாம் அவள்தான். காப்பாற்றியது கர்த்தர், கூடமாட ஒத்தாசை செய்தது லாசரஸ். உண்மையில் அவளுக்கு வந்தது ஒரே ஒரு மஞ்சள்காமாலை. மிச்சமெல்லாம் அவருடைய சொந்தச் சரக்கு. பள்ளிக்கூடத்தில் மூன்றாவது மாடி வகுப்புக்கு நாள் முழுக்க ஏறி இறங்குகிற டீச்சரை, கல்யாண வீடுகளில் முன்பின் தெரியாதவர்கள் வந்து, "இப்ப ஒடம்பு தேவலையா சிஸ்டர்?" என்று விசாரித்தால் எரிச்சல் வராதா?

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், ஈஸ்டர் முடிந்த கையோடு, சபையில் மூத்தவரான துரை அமெரிக்காவிலிருந்து திரும்பினார். அங்கே மகன் அவரைக் காரில் ஏற்றிப் பாலைவனம் பூராவும் சுற்றிக்காட்டி, பிரம்மாண்டமான பள்ளத்தாக்கு ஒன்றில் நடக்கவும் வைத்தானாம். பாறை விளிம்பில் துரை கையை விரித்துக்கொண்டு நிற்கும் போட்டோ வரிசை வரிசையாகக் கை மாறியது. சபை அசந்துபோனது. லாசரஸுக்கு அன்று மத்தியானம் பிரியாணி இறங்கவில்லை.

"பள்ளத்தாக்கு பாக்க அமெரிக்காதான் போவணுமா?" என்றார். "கடப்பா பக்கம் கண்டிக்கோட்டைல இருக்குதாம். ஆறு அறுத்த பள்ளம். நம்ம மாருதிலயே போயிட்டு வந்துடலாம்."

"மே மாசத்துலயா?"

"பாலைவனம்னா வெயில் இருக்கத்தான செய்யும்?"

புஷ்பம் ஒரு நிபந்தனை போட்டாள். "வர்றேன். ஆனா இந்தத் தடவ சாட்சில நான் விழ மாட்டேன். நல்லா நடந்தேன்னு சொல்லணும். சத்தியம் பண்ணுங்க."

"விசுவாசி சத்தியம் பண்ணக் கூடாது புஷ்பம். ஆமான்னா ஆமாதான்."

அந்த ஆமாவை நம்பித்தான் அவள் எலுமிச்சை சாதம் கட்டினாள்.

விடியுமுன் தாம்பரத்திலிருந்து கிளம்பினார்கள். ஏசி இல்லாத வண்டி. புத்தூர் தாண்டியதுமே காற்று அனலாக அடித்தது. லாசரஸ் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையை நீட்டி மடக்கிச் சாட்சியை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். பள்ளத்தாக்கு வருகிற பைபிள் வசனமாக ஒன்றைப் பொறுக்கி வைத்திருந்தார். அந்த ஜோரில் இரண்டு இடத்தில் வழி தப்பியது. புஷ்பம்தான் தலையை வெளியே நீட்டி, தெரிந்த நாலு தெலுங்கு வார்த்தையை வைத்து வழி கேட்டாள்.

கோட்டை வாசலில் வண்டியை விட்டுவிட்டு நடந்தார்கள். வீடு வீடாகக் கவிழ்த்து வைத்த மாதிரி செக்கச்சிவந்த பாறைகள். மரம் கிடையாது, நிழல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஷூவில் லாசரஸ் வழுக்கி வழுக்கி வர, புஷ்பம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாறைக்குப் பாறை தாவிப் போனாள். திடீரென்று எதிரே பூமியைக் காணவில்லை. அதலபாதாளத்தில் பெண்ணாறு மெல்லிசாகக் கிடந்தது. அம்மாடி, என்ன அகலம், என்ன ஆழம்! யாருக்கும் நோயாளியாக இல்லாமல் தான் அங்கே நின்றுகொண்டிருப்பது புஷ்பத்துக்கு அப்போதுதான் உறைத்தது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"புஷ்பம், போட்டோ எடு!"

விளிம்பிலேயே உயரமான பாறையில் முட்டி இடிபட ஏறி, துரையைப் போலவே கையை விரித்து நின்றார் லாசரஸ். எடுத்தாள். எடுத்த பிறகு அவர் கீழே பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. விரித்த கை மடங்கி, அப்படியே பாறையைக் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டார்.

"என்னால முடியாது புஷ்பம். தல சுத்துது. நீ போயி புள்ளையப் பாத்துக்க."

அவர்கள் பிள்ளைக்குக் கல்யாணமாகி, அவனுக்கே ஒரு பிள்ளை இருந்தது. புஷ்பம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே ஏறினாள்.

"கீழ பாக்காதீங்க. என் மூஞ்சியப் பாருங்க. உக்காந்து உக்காந்தே வாங்க. நான் இருக்கேன்ல?"

சின்னப் பிள்ளை போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். பேண்டின் பின்பக்கம் போயே போய்விட்டது. முட்டி பணியாரமாக வீங்கியதால், எடுத்த நாளிலிருந்து பீரோவில் தூங்கிய தன் லைசென்ஸை நம்பி, தாம்பரம் வரை வண்டியை ஓட்டியதும் புஷ்பம்தான். திருப்பதி தாண்டும்வரை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்புறம் பாட்டே வந்தது.

"சபைல இதெல்லாம்..." என்று இழுத்தார் லாசரஸ்.

"நான் மூச்சு விட மாட்டேன். நீங்க சொன்ன ஆமா மட்டும் ஞாபகம் இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. லாசரஸ் மேடையின் மூன்று படிகளையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி, மைக்கைப் பிடித்தார். செம்பாறை வந்தது, அனல் காற்று வந்தது, வசனமும் வந்தது. சபை மூச்சை அடக்கியது. முன் வரிசையில் துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான், லாசரஸுக்குக் குரல் தழுதழுத்தது.

"அந்த நேரம் என் மனைவிக்குத் தல சுத்திடுச்சு. பாறை மேல குப்புற விழுந்துட்டா. 'நீங்க போங்க, புள்ளையப் பாத்துக்குங்க'ன்னு அழுவுறா..."

பக்கத்தில் இருந்த கிறிஸ்டி, "ஐயோ சிஸ்டர்!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். கோபத்தில் புஷ்பத்துக்கு வந்த கண்ணீரைப் பார்த்து, பாவம், இன்னும் பயம் தெளியவில்லை என்று நாலு பேர் உச்சுக்கொட்டினார்கள்.

அல்லேலூயா முழக்கத்துக்கு நடுவே லாசரஸ் திரும்பினார். எதிரே மூன்று படி. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. வீங்கிய முட்டி மடங்க மறுத்தது. படியைப் பார்த்தார், தலை கிறுகிறுத்தது. பழக்கதோஷத்தில் வாய் தன்னால் திறந்தது.

"புஷ்பம்... உக்காந்து உக்காந்தே வரட்டுமா?"

மைக் இன்னும் கையில்தான் இருந்தது. ஸ்பீக்கர் அதைப் பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுபோனது.

சபை மொத்தமும் புஷ்பத்தைத் திரும்பிப் பார்த்தது. அப்படியே நிற்கட்டும் என்று ஒரு நிமிஷம் அவளும் இருந்தாள். பிறகு, கிறிஸ்டியின் கையை விலக்கிவிட்டு எழுந்து, நேராகப் படிக்குக் கீழே போய் நின்றாள்.

"கீழ பாக்காதீங்க," என்றாள். "என் மூஞ்சியப் பாருங்க."

பாறை மேல் அவள் முகத்தையே பார்த்த மனுஷனால் இன்றைக்குப் பார்க்க முடியவில்லை. தரையையே பார்த்தபடி, உட்கார்ந்து உட்கார்ந்து, மூன்று படியும் இறங்கினார்.