துண்டுக் கம்பியில் தொங்கிய கேமரா

விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் பிடிப்பது அவள் வேலை. ஹாலும் படுக்கையறையும் அவளுக்கு ஒரு பொருட்டே அல்ல. குளியலறைதான் உயிரை வாங்கும். திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கிற இடத்தில், பெரிய ட்ரைபாடின் மூன்று கால்களையும் விரித்துவிட்டு அவள் எங்கே போய் நிற்பது? கையில் பிடித்து எடுக்கலாமென்றால், கேமரா லென்ஸோடு சேர்ந்து ஒரு கைக்குழந்தை கனம் கனக்கும். மங்கிய வெளிச்சத்தில் கை துளி நடுங்கினாலும் படம் கலங்கிப்போகும்.

இதை ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். எதிரே இருந்தவர் அக்காவின் கணவர். பல் தேய்க்கும் பிரஷ் வாங்கக்கூடப் பத்து வீடியோ பார்க்கிற மனிதர். வீட்டில் அவருக்கு 'ஆராய்ச்சி' என்றே பேர்.

"கவலைய விடு. கால் வளையற குட்டி ட்ரைபாட் இருக்கு. கம்பி, நாற்காலி, எதுல வேணா சுத்தி மாட்டலாம். பையில போட்டா இருக்கற இடமே தெரியாது."

"என் கேமராவத் தாங்குமா அத்தான்?"

"யானையையே தாங்கும்."

யானையைத் தாங்கியிருக்கலாம். கேமராவைத் தாங்கவில்லை.

அவர் வாங்கிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு அவள் முதலில் போனது ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் வீட்டுக்கு. மகளோடு போய் இருப்பதற்காக அந்த அம்மாள் வீட்டை விற்கப் பார்த்தார். வாங்குவதற்கு எட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. குளியலறையில் துண்டு போடும் கம்பியைச் சுற்றி மூன்று கால்களையும் முறுக்கிக் கேமராவை மாட்டினாள். டைமரை அழுத்திவிட்டு வாசலுக்கு நகர்ந்தாள்.

கேமரா மெல்லத் தலை குனிந்தது. பஸ்ஸில் தூங்கி விழுகிற ஆளைப் போல இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. பிறகு ஒரு கால் கம்பியை விட்டு நழுவியது.

"ஐயய்யோ!"

பாய்ந்தாள். கேமரா கைக்கு வந்துவிட்டது. ஆனால் அவள் கால் ஒன்று தண்ணீர் வாளிக்குள் போய்விட்டது, இன்னொரு கை பற்றியது ஷவர் குழாயை. தலைக்கு மேல் மழை கொட்டியது. கேமராவைச் சட்டென்று சேலைத் தலைப்புக்குள் பொத்திக்கொண்டாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த டீச்சர் வாசலில் நின்று பார்த்தார். "ஏம்மா, படம் எடுக்க வந்தியா, குளிக்க வந்தியா?"

லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. மீதிப் படங்களைக் கையாலேயே எடுத்து முடித்து, தும்மிக்கொண்டே அத்தனையையும் பார்க்காமலே அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

விஷயம் தெரிந்ததும் ஆராய்ச்சி கூனிக் குறுகிப்போனார். "இவ்ளோ எடை தாங்கும்னு பெட்டியிலயே போட்டிருந்தானே!"

"நீங்க பாத்தது வெறும் கேமரா எடை அத்தான். லென்ஸ யாரு சுமப்பா, உங்க யானையா?"

பரிகாரமாக அவரே கடைக்குக் கூட்டிப்போனார். இந்த முறை அவள் பெட்டியையும் நம்பவில்லை, வீடியோவையும் நம்பவில்லை. சொந்தக் கேமராவை எடுத்து, இருப்பதிலேயே கனமான லென்ஸைப் பொருத்தினாள். முதல் ட்ரைபாடில் கேமரா நேராக நின்றது. பக்கவாட்டில் திருப்பியதுமே மூக்கு தொங்கிப்போனது. இரண்டாவது நல்ல பலசாலிதான். ஆனால் அதன் கால்கள் தடிமன். மெலிந்த கம்பியைப் பிடிக்கவே முடியவில்லை. மூன்றாவதை வளைக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"முரட்டுப் பயலா இருக்கானே, இது சரிப்படாது" என்றார் ஆராய்ச்சி.

"லேசா வளைஞ்சா லேசா தொங்கிடும் அத்தான். இதான் வேணும் எனக்கு."

கடை மாடிப்படியின் கைப்பிடியில் அதைச் சுற்றி இறுக்கினாள். கேமராவைப் பிடிக்கும் தலைத்திருகை முடுக்கினாள். லென்ஸை முன்னால் நீட்டவிட்டு, பக்கமாகச் சாய்த்து, கடைசியில் தலைகீழாகவும் தொங்கவிட்டாள். மாடியிலிருந்து விழப்போகும் குழந்தையைப் பிடிக்கிறவர் போல அவர் கீழே இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார். கடைக்காரப் பெண் வேறொருவருக்குப் பை காட்டிவிட்டுத் திரும்பி வந்தபோதும் கேமரா இம்மி நகரவில்லை. அவருக்குத்தான் கை கடுத்துவிட்டது.

பில் போடும்போது மேனேஜரிடமிருந்து போன்.

"டீச்சர் வீட்டு பாத்ரூம் கண்ணாடியில வாயப் பொளந்துகிட்டு நிக்கறது யாரும்மா?"

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கேமராவைத் தலைப்புக்குள் பொத்துவதற்கு முந்தின நொடியில் டைமர் தன் கடமையைச் செய்திருக்கிறது. வாளிக்குள் கால், பிதுங்கிய விழி, தலையில் மழை, எல்லாம் கண்ணாடியில் விழுந்து, அந்தப் படமும் மற்றவற்றோடு சேர்ந்து வெப்சைட்டில் ஏறிவிட்டிருக்கிறது.

"சார், உடனே தூக்கிடுங்க!"

"எதுக்கு? அதப் பாத்துட்டுத்தான் ஆளுங்க வரிசையா கூப்பிடறாங்க."

மன்னிப்புக் கேட்கவும், குளியலறையை ஒழுங்காக ஒருமுறை எடுக்கவும் புது ட்ரைபாடோடு டீச்சர் வீட்டுக்கு ஓடினாள். அங்கே ஏற்கெனவே ஓர் இளம் தம்பதி வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவி இவளைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வாளி அக்கா நீங்கதானே?"

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அவளும் சிரித்தாள். கணவர் துண்டுக் கம்பியை ஆட்டிப் பார்த்தார். "கம்பி மேல தப்பில்லங்க. கல்லு மாதிரி இருக்கு."

படத்தைப் பார்த்துச் சிரிக்க வந்தவர்கள்தான். ஆனால் சமையலறை ஜன்னல் வழியே விழுந்த வெளிச்சத்தில் அந்தப் பெண் வெகுநேரம் நின்றாள். கணவரைப் பார்த்தாள், வாங்கிவிடலாம் என்று அவர் தலையாட்டினார். டீச்சர் சட்டென்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"எங்க எல்லாரையும் ஒரு படம் எடும்மா. நீயும் வந்து நில்லு."

ஜன்னல் கம்பியில் ட்ரைபாடை முறுக்கி, டைமரை அழுத்திவிட்டு ஓடிவந்து டீச்சர் பக்கத்தில் நின்றாள். படம் பளிச்சென்று விழுந்தது. எல்லாரும் நேரே பார்த்துச் சிரிக்கிறார்கள். அவள் மட்டும் கேமராவுக்குக் கீழே, அந்த மூன்று கால்களையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.