அவள் போடாத கையெழுத்து

அவள் இரண்டு வருடம் உழைத்து எழுதிய காசநோய் ஆய்வுத் திட்டத்தை, நிதி வழங்கும் அலுவலகத்தின் அலுவலர் அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இது முதல்முறையா ஆய்வு நடத்துறவங்களுக்கான அரசு நிதிம்மா. உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு திட்டம் ஓடியிருக்கே."

அவர் காட்டிய பழைய படிவத்தில், அவளுடைய பேராசிரியரின் கையெழுத்துக்குக் கீழே அவள் பெயரும் அவள் போடாத கையெழுத்தும் இருந்தன.

நேரே பேராசிரியரின் ஆய்வகத்துக்குப் போய்க் கேட்டாள்.

"கூட ஒருத்தர் இருந்தாத்தான் அப்ப நிதி தருவாங்க. உன்னை என் பொண்ணா நெனச்சுத்தான் போட்டேன்," என்றார், நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சார்."

அவர் நுண்ணோக்கியின் குமிழைத் திருகினார்.

அது தன் கையெழுத்தல்ல என்று அன்றே அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தாள். விசாரணை முடிவதற்குள் அந்த வருடத்துக் கெடு தாண்டிவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அனுப்புவதற்கு முன் இந்த விண்ணப்பத்தை வரிவரியாகத் திருத்திக் கொடுத்துவிட்டு, "கண்டிப்பா கிடைக்கும்மா" என்று பேராசிரியர் சொன்னதுதான் ஆறவில்லை.