‘நோபுஹரு’ என்று வெட்டிய வாள்

1

இந்தக் கதை எனக்கு இனாமாகக் கிடைத்தது. ஒகயாமாவில் எங்கள் பக்கத்து வீட்டு சவாகோ, பழைய வாள்களைப் பார்த்து எந்தக் காலத்தவை, யார் கை, அசலா போலியா என்று சொல்கிறவர். ஒரு மத்தியானம் பீச் பழத்தைத் தோலுரித்துக்கொண்டே இதைச் சொன்னார். பழம் தீர்வதற்குள் கதையும் தீர்ந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் தீரவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘உறையிலிருந்து உருவியதும் அறையே பளீரென்று மின்ன—’

அடித்துவிட்டேன். அறை மின்னவில்லை. ஒரே ஒரு குண்டு பல்பு எரிந்தது, மின்விசிறி கடகடத்தது. நல்ல வாள் கண்ணைக் கூசவைக்காது என்று சவாகோ சொல்வார். பார்க்கப் பார்க்கத்தான் அது உள்ளே விடும்.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். வாளில் இருந்த பெயரையும்தான்.)

2

தொகுஜியும் அவர் மனைவி நமியேவும் ஹினாசே கடலோரத்தில் சிப்பி வளர்க்கிறவர்கள். வாளை ஒரு பட்டுப் பையில் போட்டு சவாகோவிடம் எடுத்து வந்திருந்தார்கள்.

‘நமியே தலைகுனிந்து, கண்ணீரை அடக்கியபடி, ஒரு வார்த்தையும்—’

இதுவும் பொய். துக்கத்தில் இருக்கும் தாய் இப்படித்தான் இருப்பாள் என்று நானாக வரைந்தது. அந்த அம்மா வாயே மூடவில்லை என்று சவாகோ சொன்னார். வந்து உட்கார்ந்ததும், சவாகோவை மரியாதையாக ‘சென்செய்’ என்று கூப்பிட்டு, கணவரைத்தான் வாரினாராம்: “படகு ஓட்டுற மாதிரியே வண்டி ஓட்டுறாரு, சென்செய். திருப்பத்துல எல்லாம் இவரும் சேர்ந்து சாயுறாரு.”

வாள் தொகுஜியின் வீட்டில் தலைமுறைகளாக இருக்கிறது. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் கைப்பிடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் அடித்தண்டில் உளியால் வெட்டிய பெயரை எல்லோரும் பார்த்துக் கும்பிடுவார்கள். நோபுஹரு. பெரிய கொல்லனின் பெயர். அவர்களுக்குப் பிறந்த ஒரே மகனுக்கும் அதே பெயரை வைத்தார்கள். புயலுக்கு முன்னால் சிப்பித் தெப்பங்களை இறுக்கிக் கட்டப் போன அவன் திரும்பி வரவில்லை.

வாளை உள்ளூர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட முடிவு செய்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ‘நோபுஹரு’ என்று அட்டை வைப்பார்கள். முன்பின் தெரியாதவர்கள்கூட நின்று அந்தப் பெயரை வாசிப்பார்கள். அவர்கள் கேட்டது அவ்வளவுதான். வாள் அசல் என்று சான்றிதழ் வேண்டும் என்றது அருங்காட்சியகம்.

3

சவாகோ வாளைக் கும்பிட்டுவிட்டு உருவினார். கையை நீட்டி, நிமிர்த்திப் பிடித்து, முதலில் வடிவத்தை மட்டும் பார்த்தார். மெல்லிய உடல், சின்ன முனை, கைப்பிடியை நெருங்கும் இடத்தில் ஆழமான வளைவு. குதிரைமேல் இருந்து வீசிய காலத்து வாள். எழுநூறு வருஷமாவது இருக்கும். நோபுஹரு வாழ்ந்ததோ அதற்கு முன்னூறு வருஷம் பிந்தி. சவாகோவுக்கு அப்போதே உள்ளுக்குள் என்னவோ இடறியது.

பிறகு பல்புக்கு நேரே திருப்பினார். மரத்தை அறுத்தால் தெரிகிற மாதிரி எஃகில் ரேகைகள் ஓடின. வெட்டு விளிம்பை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு, அலையலையாக. அதற்கு மேலே, எஃகுக்கு உள்ளிருந்து, மூடுபனி மாதிரி வெளிறிய ஒரு நிழல்.* வாளைச் சாய்த்தால் அதுவும் நகர்ந்தது. பின்னால் வந்த கொல்லர்கள் எவ்வளவோ முயன்றும் அப்படி ஒன்றை வரவழைக்க முடியவில்லை.

வாள் பார்க்கும்போது மூச்சு படக்கூடாது என்று யாரும் பேச மாட்டார்கள். அன்றைக்கு சவாகோ மூச்சு விடவே மறந்துவிட்டார். ஆயுசெல்லாம் வாள் பார்த்தவர். “கோயிலுக்குள்ள நின்ன மாதிரி இருந்துச்சு” என்று என்னிடம் சொன்னபோது பாதி பழம் கையிலேயே இருந்தது.

* இந்த நிழலுக்கு அவர்கள் மொழியில் பெயர் உண்டு. வேண்டுமென்றே விடுகிறேன். பெயரைச் சொன்னால் நீங்கள் பனியைப் பார்ப்பதை நிறுத்திவிடுவீர்கள்.

4

கைப்பிடியைக் கழற்றினார். அடித்தண்டில் இரண்டு துளைகள். நீள வாளைப் பிற்காலத்தில் யாரோ இடுப்பில் செருகத் தோதாக அடிப்பக்கம் வெட்டிக் குட்டையாக்கி, கைப்பிடிக்குப் புதுத் துளை போட்டிருக்கிறார்கள். அவ்வளவு வெட்டிய பிறகு செய்தவனின் பெயர் மிஞ்ச வழியில்லை. ஆனால் பெயர் இருந்தது, தெளிவாக. சுற்றிலும் கன்னங்கரேல் என்று கிழட்டுத் துரு. எழுத்தின் பள்ளங்களுக்குள் மட்டும் துரு இளசாக, லேசாகச் சிவந்திருந்தது.

5

“அசல்தானே, சென்செய்?” என்றார் தொகுஜி.

“வாள் அசல். நான் தொட்டதுலயே பெரிய வாள் இதுதான். பேருதான் அசல் இல்லை. பின்னாடி யாரோ வெட்டியிருக்காங்க.”

மிச்சத்தையும் சொன்னார். பெயர் இருக்கிறவரை சான்றிதழ் கிடைக்காது. அதை அராவி எடுத்துவிட்டால், பெயரில்லாத பழைய வாள் என்று தாராளமாகக் கிடைக்கும். அருங்காட்சியகம் இதற்காகத் தனி அறையே ஒதுக்கும்.

“அப்ப எங்க பையனுக்கு வெச்சது பொய்ப் பேரா?” என்று கேட்டார் தொகுஜி.

“வாளுக்கு யாரு வெச்சாங்கன்னு தெரியாதுங்க. பையனுக்கு வெச்சது நீங்க.”

தொகுஜி எழுந்து வெளியே வண்டியிடம் போய்விட்டார்.

6

இங்கிருந்து நான் எழுதிப் பார்த்த முடிவுகள்.

அ) பெயரை அராவி எடுக்கிறார்கள். அந்தத் தூளைக் காகிதத்தில் மடித்து, மகன் போன கடலில் விடுகிறார்கள். சவாகோவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார். “தூள்னு மடிக்கிற அளவுக்கு ஒண்ணும் மிஞ்சாதுங்க.”

ஆ) பெயரோடு வாளை வீட்டுக்கே எடுத்துப் போகிறார்கள். இதற்கு அவர் சிரிக்கவில்லை. அப்படியானால் அந்தப் பனியை இனி யார் பார்ப்பது என்று மட்டும் கேட்டார்.

இ) சவாகோ மனமிரங்கி, பெயரும் அசல் என்று சொல்லி— (இதை வாசித்தே காட்டவில்லை. அவர் கையில் பழக் கத்தி இருந்தது.)

7

சவாகோ கண்ணால் பார்த்தது இவ்வளவுதான்.

கணவர் வெளியே போனதும் நமியே தானும் ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டார். “வருஷா வருஷம் பாத்தோம், சென்செய். பேரை மட்டும்தான் பாத்தோம். மேல என்ன இருக்குன்னு ஒருநாளும் பாக்கலை.”

கைப்பிடி இல்லாத வாளை அடித்தண்டில் பிடிக்க வேண்டும். சவாகோ காட்டிக்கொடுத்தார். தெப்பக் கயிறு இழுத்துத் தடித்த விரல்கள் அதைச் சுற்றி மூடிக்கொண்டன. வெளிச்சத்துக்கு நேரே மெல்லச் சாய்த்தார். பனி நகர்ந்தது. மறுபடியும் சாய்த்தார், மறுபடியும் நகர்ந்தது.

கிளம்பலாம் என்று சொல்ல வந்த தொகுஜி வாசலில் நின்றார்.

“ஏங்க, இங்க வந்து பாருங்க” என்றார் நமியே, திரும்பாமலே.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மனைவியின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்கள். எழுநூறு வருஷம் அவர்கள் கண்முன்னால் அசைந்துகொண்டிருந்தது. பெயர் நமியேவின் உள்ளங்கைக்குள் இருந்தது.

அந்தக் கையைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் திறந்துகொள்ளுங்கள். திறந்த பிறகு அந்தப் பெயர் அங்கே இருக்கலாமா, கூடாதா என்பதை நீங்களே சொல்லுங்கள்.