அடி விழும் இடம்

இரண்டாவது சாம்பிளும் தோற்றது. திரையில் சட்டென்று எழ வேண்டிய கோடு, பாரம் ஏற்றிய லாரி மேட்டில் ஏறுவதுபோல ஊர்ந்து போனது. மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்த சுகுணாவுக்கு கிராஃப் பார்க்கத் தெரியும். மடியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

எங்கள் லேபில் நடப்பது எளிய காரியம். இரண்டு நீளமான எஃகுத் தண்டுகள் ஒரே கோட்டில் படுத்திருக்கும். அவற்றின் முகங்களுக்கு நடுவே சட்டைப் பொத்தானைவிடச் சற்றுத் தடித்த உலோகத் துண்டு ஒன்றை வைப்போம். காற்றழுத்தத்தில் ஒரு குட்டித் தண்டு பாய்ந்து வந்து முதல் தண்டின் பின்னால் மோதும். அந்த அதிர்வு தண்டுக்குள் ஓடி வந்து துண்டை நசுக்கும். இமைப்பதற்குள் முடிந்துவிடும். மெதுவாக அழுத்தினால் உலோகம் காட்டும் குணம் வேறு, வேகமாக அடித்தால் காட்டும் குணம் வேறு. பஸ் மோதும்போது எதுவும் மெதுவாக அழுத்துவதில்லை. அதனால் எங்களிடம் வருகிறார்கள்.

சுகுணா ராயக்கோட்டை ரோட்டில் உள்ள சின்ன அலுமினியக் கம்பெனியில் தரம் பார்ப்பவள். பஸ்ஸின் பக்கவாட்டுச் சட்டத்துக்கு அவர்கள் ஒரு புதுக் கலவை செய்திருந்தார்கள். இன்று மாலைக்குள் ரிப்போர்ட் போக வேண்டும். தேறினால் ஆர்டர். தேறாவிட்டால் அந்த லைனையே மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். லைனில் இருப்பவர்கள் அவளும், அவள் பேச்சை நம்பி வேலைக்குச் சேர்ந்த அவள் ஊர்ப் பெண்களும். மூன்று துண்டுகள் கொண்டுவந்திருந்தாள். மீதி ஒன்று.

காலையில் அவள் தாமதமாக வந்தபோது, இயந்திரம் ஓட்டும் மாதேஷ் சீண்டினான்.

"என்னக்கா, சானமாவு காட்டுல ஆனையா?"

"ரோட்டு மேலயே நின்னுக்கிச்சு. குட்டியோட. டிரைவர் இஞ்சினையே ஆஃப் பண்ணிட்டாரு."

"நானும் லேட்டானா ஆனைன்னுதான் சொல்றேன். இங்க நம்ப மாட்டேங்கறாங்க."

"நீ பாகலூர் ரோட்டுல இருந்து வர்ற. அங்க மாடுதான் நிக்கும்."

அப்படிப் பேசியவள்தான் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழக்கமாக என்றால் நான் அடுத்த துண்டை எடுத்திருப்பேன். அனுப்ரியா போன பிறகு இந்த வேலை எனக்கு வசதியாக இருந்தது. இயந்திரம் சொல்வதை எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அவள் என் மனைவி. போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தாள், அந்த வாரம் முடிவதற்குள் இறந்துவிட்டாள். இன்னும் வருஷம் திரும்பாததால் முந்தாநாள் இங்கே நடந்த ஆயுத பூஜைக்கு நான் வரவில்லை.

"அந்தத் துண்ட ஒருதரம் பாக்கலாங்களா சார்?" என்றாள் சுகுணா.

யாரும் அப்படிக் கேட்டதில்லை. நசுங்கியதைக் கவரில் போட்டு ஒட்டிவிடுவோம். எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இதென்னங்க சார், துரு மாதிரி?"

"அலுமினியம் துருப்பிடிக்காது."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. எழுந்து போய்த் தண்டுகளைப் பிரித்து, முகத்தில் இருந்த கிரீஸை விரலால் விலக்கினேன். அடியில் சந்தனம், காய்ந்து இறுகிப்போய். அதன்மேல் குங்குமம். எதிர்த் தண்டிலும் அதேபோல.

"மாதேஷ்."

"பாத்தேன் சார்." பிடரியைச் சொறிந்தான். "பூசைக்கு வெச்ச பொட்ட எப்பிடிங்க சார் தொடைக்கறது? தானா போவட்டும்னு மேலயே கிரீஸ் தடவிட்டேன்."

லேபைக் கூட்டிப் பெருக்கும் நாகம்மா டீ பிளாஸ்க்கோடு கதவருகில் நின்றாள்.

"நான்தாங்க சார் வெச்சேன். மத்த மிஷினுக்கெல்லாம் நெத்தி எதுன்னு தெரியுது. இதுக்குத் தெரியல. அடி வாங்கற எடந்தான் நெத்தின்னு வெச்சுட்டேன்."

"அதுக்குன்னு ரெண்டு பக்கமுமா?" என்றான் மாதேஷ்.

"ஒண்ணுக்கு வெச்சு இன்னொண்ண விட்டா அது கோவிச்சுக்காதா?"

"வெச்சும் கோவிச்சுக்கிச்சே நாகம்மாக்கா" என்று சுகுணா சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் வந்தது. அடக்கப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னேன். காய்ந்த சந்தனம் முதலில் நசுங்கும். அந்த நசுங்கலையும் இயந்திரம் அலுமினியத்தின் கணக்கில் எழுதிவிடும். ஆகவே முதல் இரண்டும் செல்லாது என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடுவேன்.

"எம் பேரு எழுதுவீங்களா சார்?" என்றாள் நாகம்மா.

"இல்லீங்க. சந்தனம்னு மட்டுந்தான் எழுதுவேன்."

பஞ்சை அசிட்டோனில் நனைத்து மாதேஷிடம் நீட்டினேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். நாகம்மா, "இன்னிக்கி செவ்வாக்கெழமைங்க சார், நான் தொட மாட்டேன்" என்றாள். சுகுணா எழுந்தபோது அவளையும் தடுத்தாள். "நீ கல்யாணம் ஆவப்போற பொண்ணு. கம்முனு இரு." பிறகு என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டோமே என்பதுபோலச் சட்டென்று பிளாஸ்க்கின் மூடியைத் திருகினாள்.

கடைசியாக நான் குங்குமம் தொட்டது அனுவின் நெற்றியில். பெரிசா வைப்பா என்று யாரோ சொன்னார்கள். வைத்தேன். அதை யாரும் துடைக்கவில்லை. அப்படியே தூக்கிப் போனார்கள்.

குனிந்து துடைத்தேன். குங்குமம் சுலபமாகப் பஞ்சில் வந்துவிட்டது. சந்தனம் எஃகின் மெல்லிய வரிகளுக்குள் பிடித்திருந்தது, நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. அசிட்டோன் வாடை அடங்கிய பிறகு சந்தன வாசனை நின்றது. இரண்டாவது முகத்தை அவசரமில்லாமல் துடைத்தேன். நன்றாகத்தான் இருந்தது.

புதுக் கிரீஸ் தடவி மூன்றாவது துண்டை நானே வைத்தேன். மாதேஷ் பொத்தானை அழுத்தினான். பெரிய பூட்டு பூட்டிக்கொண்டதுபோல ஒரே சத்தம். திரையில் கோடு செங்குத்தாக எழுந்து, போன இரண்டுக்கும் மேலே போய் நின்றது. அந்த உயரம் போதுமா என்பதைக் கணினிதான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

சுகுணா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் தண்டுகளுக்கு அடியில் துண்டு விழும் பெட்டிக்குள் கைவிட்டு அதை எடுத்தேன். வேகமாக நசுங்கிய உலோகம் சூட்டைத் தனக்குள் வைத்திருக்கும் என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். விழுந்த உடனே தொட்டுப் பார்த்ததில்லை. அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"சுடுதுங்க சார்."

"கொஞ்ச நேரந்தான் இருக்கும்."

விரல்களை மூடிக்கொண்டாள். மாதேஷ் கை நீட்டினான். அவனுக்கு முன்னால் நாகம்மா பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு வந்து அதை வாங்கி, தன் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடினாள்.