மூச்சுச் சத்தம்

புத்தகங்களைச் சத்தமாகப் படித்துப் பதிவு செய்வது என் தொழில். கேட்பவர்கள் அதைக் காதில் மாட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுவார்கள், பஸ்ஸில் தூங்குவார்கள். மற்றவர்கள் படித்தால் வரிக்கு வரி மூச்சுச் சத்தம் விழும். அதையெல்லாம் வெட்டி எடுப்பதற்குள் எங்கள் ஒலிப்பதிவாளருக்குத் தாவு தீர்ந்துவிடும். என் பதிவில் வெட்ட எதுவுமே இருக்காது. "அக்கா, நீங்க மனுஷியா, இல்ல மீன் ஜாதியா?" என்பார். நானும் சிரித்து வைப்பேன். எங்கே பழகினேன் என்று சொன்னால் அவருக்குச் சிரிப்பு வராது.

எனக்கு ஏழு வயதில் எங்கள் ஊருக்குள் போர் வந்தது. வீட்டு மாடிப்படிக்கு அடியில் தட்டுமுட்டுச் சாமான் போடும் ஒரு பொந்து. அதற்குள் அம்மாவும் நானும், அம்மா மடியில் தம்பிப் பாப்பாவும். தலைக்கு மேலே பூட்ஸ் சத்தம் ஏறியது, இறங்கியது, நின்றது. பாப்பா சிணுங்க ஆரம்பித்தான். அம்மா அவன் வாயில் கையை வைத்தாள். பூட்ஸ் போன பிறகும் அந்தக் கை அங்கேயே இருந்தது. பலகை இடுக்கில் வந்த வெளிச்சத்தில் பார்த்தேன். பிறகு கண்ணை இறுக மூடி, மூச்சை அடக்கி, தூங்குவதுபோல் கிடந்தேன்.

பாப்பா காய்ச்சலில் போய்விட்டான் என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். நானும் அதையே சொன்னேன். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை இன்றுவரை நடந்தது அதுதான். நான் பார்த்தேன் என்று தெரிந்தால் அம்மா உயிரை வைத்திருக்க மாட்டாள் என்று பயம். அந்தப் பயத்தோடுதான் வளர்ந்தேன்.

இந்த மாதம் படிக்க வந்தது ஒரு பெண் எழுதிய போர் நாவல். யாருடைய நாடோ, யாருடைய சண்டையோ. ஆண்கள் எழுதிய போர்க்கதைகள் எத்தனையோ படித்துத் தள்ளியிருக்கிறேன். அவற்றில் பீரங்கி முழங்கும், கொடி பறக்கும், எனக்கு ஒன்றும் ஆகாது. இந்தப் புண்ணியவதி பீரங்கியை விட்டுவிட்டு நேரே நிலவறைக்குள் போய்விட்டாள். அங்கே ஒருத்தி கைக்குழந்தையோடு ஒளிந்திருக்கிறாள்.

பதிவுக்கு முதல் நாளே ஒத்திகை பார்ப்பது என் வழக்கம். குளியலறைக் கதவைச் சாத்தி, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து படிப்பேன். மேலே காலடி கேட்கிறது, குழந்தை முனகுகிறது என்ற இடம் வந்தது. புத்தகத்தை மூடிவிட்டேன். மிச்சத்தைப் பார்க்காமல் பதிவுக்குப் போவது இந்தத் தொழிலில் செய்யக்கூடாத காரியம். செய்தேன்.

பதிவு அறை, சுவரெல்லாம் பஞ்சு பதித்த சின்னக் கூடு. கதவைச் சாத்தினால் நெஞ்சு அடிப்பது நமக்கே கேட்கும். சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தைப் புரட்டினேன். அந்தத் தாய் குழந்தையின் வாயில் கையை வைத்தாள். படித்துக்கொண்டே போனேன். ஒலிப்பதிவாளர் கண்ணாடி ஜன்னலைத் தட்டிய சத்தத்தில், அந்த பூட்ஸ்காரர்கள்தான் வந்துவிட்டார்கள் என்று மேஜைக்கு அடியில் குனிந்துவிட்டேன்.

"அக்கா, மூச்சு விழுது," என்றார். குரலில் கிண்டல் இல்லை.

எப்படியோ படித்து முடித்தேன். குழந்தை பிழைக்கவில்லை. மூச்சை வெட்டிவிடட்டுமா என்று அவர் கேட்கும்போதே பையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

வீட்டில் வேறொரு பயம் காத்திருந்தது. நான் படிக்கும் எதையும் முதலில் கேட்பது அம்மாதான். காய் நறுக்கும்போது போனைப் பக்கத்தில் வைத்துப் போடச் சொல்வாள். அன்று கேட்டபோது, புத்தகம் சுமார்தான், போனில் சார்ஜ் இல்லை என்று மென்று விழுங்கினேன். அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"நேத்து பாத்ரூம்ல படிச்சியே, கேட்டுட்டுதான் இருந்தேன். பாதியில நிறுத்திட்ட. அந்தக் குழந்தை என்னாச்சு?"

"பொழைச்சிடுச்சும்மா."

அம்மா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "அப்ப அவ கையைச் சீக்கிரம் எடுத்திருக்கா."

அந்தப் பொய்யோடு அவளைத் தனியாக விட என்னால் முடியவில்லை.

"இல்லம்மா. அதுவும் செத்துடுச்சு." அதுவும் என்று சொன்ன பிறகு மறைக்க என்ன இருக்கிறது? "நான் அன்னிக்குத் தூங்கலம்மா."

விழுந்துவிடுவாள் என்று பிடிக்கப் போனேன். அம்மா அசையவில்லை.

"தெரியும். தூங்குற பிள்ளைகிட்ட மூச்சுச் சத்தம் கேட்கும். உன்கிட்ட கேட்கல. இதுவும் போயிடுச்சோன்னு உன் மூக்குல விரல் வெச்சுப் பார்த்தேன்." கத்தியை ஓரமாகத் தள்ளினாள். "நீ படிக்கிற ஒவ்வொரு புத்தகத்துலயும் அந்த மூச்சைத்தான் தேடிட்டிருக்கேன். ஒண்ணுலயும் கேட்கல."

பைக்கு அடியிலிருந்து போனைத் தேடி எடுத்தேன். ஒலிப்பதிவாளரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, அந்த மூச்சை வெட்டிடாதீங்க. எங்கம்மா கேட்கணும்."