பின்பாரம்

ஃபோர்க்லிஃப்ட் கவிழ்ந்தால் பெரிய சத்தம் கேட்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. குடோன் கூரையின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் நகர்ந்தன. வண்டியின் பின்பக்கம் மெதுவாக எழும்ப, அங்கே நின்றிருந்த என் அக்காவின் கணவர் அந்தரத்தில் மிதந்தார். முகத்தில் பயமே இல்லை. 'என்ன மாப்ள இது?' என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடினால் அதே காட்சிதான். வலி மருந்து ஏறும்போது கட்டிலும் சாய்கிறது.

பாரம் அதிகமானால் பிரித்து இரண்டு நடை போவது எங்கள் குடோனில் கௌரவக் குறைச்சல். முன்னால் தூக்கிய பாரம் வண்டியைக் குப்புறச் சாய்க்காமலிருக்கப் பின்னால் ஓர் ஆளை ஏற்றி நிறுத்திக்கொள்வோம். மாமா நல்ல வாட்டசாட்டம். "இந்தத் தொப்பைய வேற எதுக்கு வச்சிருக்கீங்க மாமா, ஏறுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே ஏறினார். உயரத் தூக்கிய பாரத்தைத் தாழ்த்தாமலே வண்டியைத் திருப்பினேன். அவ்வளவுதான். எனக்குக் கால் முறிந்தது. அவருக்கு இடுப்பெலும்பு நொறுங்கி, இன்னும் நினைவு திரும்பவில்லை.

காலையில் சூப்பர்வைசர் வந்தார்.

"அவரு தன்னிஷ்டத்துக்கு ஏறினாருன்னு எழுதியாச்சு. விசாரணைக்கு வர்றவர் கேட்டா ஆமான்னு சொல்லு, போதும்."

ஆமாம் என்றால் மாமாவுக்கு வேலை போகும். இல்லை என்றால் எனக்கு. நான் தலையாட்டினேன். கோழைப்பயல், வேறென்ன செய்வேன்?

மதியம் அக்கா வந்தாள். தலையணையைச் சரிசெய்துகொண்டே அழுதாள்.

"அவருக்குப் புத்தி எங்கடா போச்சு? வண்டியில தொத்திக்கிட்டுப் போக அவரு என்ன சின்னப் புள்ளையா? கண்ணு முழிக்கட்டும், இருக்கு அவருக்கு!"

கட்டில் மறுபடி சாய்ந்தது. இந்தத் தடவை கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"அவரத் திட்டாதக்கா. நான்தான் ஏறச் சொன்னேன். கிண்டல் பண்ணி ஏத்துனேன்."

அக்காவின் கை தலையணையிலேயே நின்றது. திட்டியிருந்தால் தேவலை. அறைந்திருந்தால் இன்னும் நல்லது. அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். நான் தெளியட்டும் என்று விசாரணை அதிகாரி வெளியே பெஞ்சில் காத்திருந்தார்.

"உள்ள வாங்க சார். என் தம்பி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, பேனாவை எடுத்தார். அக்கா என் அருகே வரவில்லை, சுவரோரமாகவே நின்றுவிட்டாள். நான் அவளைப் பார்த்தேன்.

"என்னை ஏன்டா பாக்குற? அவரப் பாத்துச் சொல்லு."